பழைய ஃப்ளாப்பியில் எந்தக் கோப்பு எங்கே என்று கணினிக்கு எப்படித் தெரிந்தது?

கேட்டவரிடம் எண்பதுகளின் ஃப்ளாப்பிகளிலிருந்து எடுத்த டிஸ்க் இமேஜ்கள், அதாவது டிஸ்க்கை அப்படியே பைட் பைட்டாக நகலெடுத்த கோப்புகள், சில இருக்கின்றன. சிபி/எம், ஆப்பிள் II, கமடோர் 64, ஆரம்பகால டாஸ் என்று எல்லாம் கலந்து கிடக்கின்றன. அந்தக் காலத்து இயங்குதளங்கள் ஒரு கோப்பு டிஸ்க்கில் எங்கே இருக்கிறது என்பதை எப்படிக் குறித்து வைத்தன, அப்போது அழித்த கோப்புகளை இப்போது மீட்க முடியுமா என்பது கேள்வி.

பல நேரம் மீட்க முடியும். ஆனால் எல்லா டிஸ்க்கிலும் ஒரே மாதிரி அல்ல. ஒரு கோப்பின் துண்டுகள் எங்கெங்கே கிடக்கின்றன என்ற விவரத்தை எந்த இடத்தில் எழுதுவது என்று ஒவ்வொரு இயங்குதளமும் ஆரம்பத்தில் ஒரு முடிவெடுத்தது. கோப்பு எவ்வளவு வேகமாகத் திறக்கும், டிஸ்க் கெட்டால் எப்படிக் கெடும், அழித்தது திரும்புமா என்பதெல்லாம் அந்த முடிவிலிருந்தே வருகின்றன. அதனால் மீட்பதைப் பற்றிப் பேசுவதற்கு முன் அந்த முடிவுகளைப் பார்த்துவிடலாம்.

ஃப்ளாப்பி டிரைவுக்குக் கோப்பு என்ற ஒன்றே தெரியாது. இத்தனையாவது டிராக் (டிஸ்க்கின் வட்டத் தடம்), அதில் இத்தனையாவது செக்டர் (தடத்தின் ஒரு துண்டு) என்று சொன்னால் அதைப் படித்துத் தரும், அல்லது அதில் எழுதும். அவ்வளவுதான். அதற்கு மேல் இரண்டு கேள்விகளுக்கு இயங்குதளமே பதில் வைத்திருக்க வேண்டும். இந்தக் கோப்புக்குச் சொந்தமான செக்டர்கள் எவை, எந்த வரிசையில்? யாருக்கும் சொந்தமில்லாமல் காலியாக இருப்பவை எவை?

முதலில் சிபி/எம். கேரி கில்டால் 1974-ல் எழுதத் தொடங்கிய இயங்குதளம். கலிபோர்னியாவின் மான்டரேயில் கடற்படை முதுநிலைக் கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டே இன்டெலுக்கும் ஆலோசகராக இருந்தவர் அவர். அவர் எழுதிய அமைப்புக்கு அடிப்படை ஐபிஎம்மின் 8 அங்குல ஃப்ளாப்பி: 77 டிராக், ஒவ்வொன்றிலும் 26 செக்டர், ஒரு செக்டருக்கு 128 பைட். பெருக்கினால் 2,56,256 பைட். முதல் இரண்டு டிராக்குகள் இயங்குதளத்துக்கே போய்விடும். மிச்சமிருக்கும் 75 டிராக்குகளை 1024 பைட் கொண்ட பிளாக்குகளாகப் பிரித்தால் 243 பிளாக் கிடைக்கிறது. அதில் முதல் இரண்டு பிளாக் டைரக்டரி; ஒரு பதிவுக்கு 32 பைட் வீதம் 64 பதிவுகள்.

அந்த 32 பைட்டில்தான் கில்டாலின் கெட்டிக்காரத்தனம் இருக்கிறது. முதல் பைட் பயனர் எண். அப்புறம் 8 எழுத்துப் பெயர், 3 எழுத்து வகை. அடுத்த நான்கு பைட்டில் இது கோப்பின் எத்தனையாவது பகுதி, இதில் எத்தனை 128 பைட் துண்டுகள் இருக்கின்றன என்பன. கடைசி 16 பைட்டில் கோப்பு உட்கார்ந்திருக்கும் பிளாக் எண்கள், ஒரு பைட்டுக்கு ஒன்று. கோப்பின் பெயர் எங்கே இருக்கிறதோ அங்கேயே அதன் வரைபடமும் இருக்கிறது. 16 பிளாக் என்றால் 16 கேபி. கோப்பு அதைத் தாண்டினால் அதே பெயரில் இன்னொரு பதிவு போட்டு அடுத்த 16 பிளாக்கை எழுதும். 40 கேபி கோப்புக்கு மூன்று பதிவுகள். இப்படி ஒவ்வொரு பதிவும் ஓர் எக்ஸ்டென்ட்.

காலி இடங்களின் பட்டியல் டிஸ்க்கில் எங்குமே கிடையாது. டிஸ்க்கை முதல் முறை தொடும்போது சிபி/எம் டைரக்டரி முழுவதையும் ஒரு தடவை படித்து, உயிரோடு இருக்கும் பதிவுகளில் வரும் பிளாக் எண்களையெல்லாம் நினைவகத்தில் ஒரு பிட் வரைபடத்தில் குறித்துக்கொள்ளும். 243 பிளாக்குக்கு 31 பைட் போதும். எனக்கு இந்த வடிவமைப்பில் மிகப் பிடித்தது இதுதான். காலிப் பட்டியல் என்பது டைரக்டரியிலிருந்து கணக்கிட்டு எடுக்கக்கூடிய ஒன்று. அதைத் தனியாக எழுதி வைத்தால் இரண்டும் ஒருநாள் முரண்படும். எழுதாமல் விட்டதால் யாருக்கும் சொந்தமில்லாமல், ஆனால் காலியும் இல்லாமல் அந்தரத்தில் தொங்கும் பிளாக் என்ற நோயே சிபி/எம் டிஸ்க்குக்கு வராது.

இதற்கு விலையும் உண்டு. டிஸ்க்கை மாற்றிப் போட்டால் நினைவகத்தில் இருக்கும் வரைபடம் பழைய டிஸ்க்கினுடையது. அதை நம்பிப் புதிய டிஸ்க்கில் எழுதினால் நாசம்தான். அதனால் டிஸ்க்கை மாற்றியதும் கண்ட்ரோல்-சி அடிக்க வேண்டும் என்பது சிபி/எம்காரர்களின் முதல் பாடம். 2.2 பதிப்பு டைரக்டரி செக்டர்களின் கூட்டுத்தொகையை வைத்துக்கொண்டு, அது பொருந்தாவிட்டால் அந்த டிரைவைப் படிக்க மட்டும் என்று பூட்டிவிடும். எழுதப் போனவருக்குப் பிழைச் செய்தி வரும், புரோகிராம் நின்றுவிடும், எழுதிக்கொண்டிருந்தது போய்விடும். டிஸ்க்கைக் காப்பாற்ற உங்கள் வேலையைப் பலி கொடுக்கும் ஏற்பாடு. பிடாஸ் எனப்படும் கோப்பு நிர்வாகப் பகுதி முழுவதுமே 3,584 பைட்டுக்குள் அடங்கியது என்பதை நினைத்தால் அதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது.

இன்னும் இரண்டு விஷயங்கள் உங்கள் இமேஜ்களைப் பார்க்கும்போது கண்ணில் படும். ஒன்று, கோப்பின் நீளம் 128 பைட் துண்டுகளின் கணக்கில்தான் தெரியும். சரியான பைட் கணக்கு கிடையாது. உரைக் கோப்பு எங்கே முடிகிறது என்பதை 26 என்ற மதிப்புள்ள ஒரு பைட், அதாவது கண்ட்ரோல்-இசட், காட்டும். அதற்கு அப்பால் இருப்பது குப்பை. இரண்டாவது, செக்டர்கள் வரிசையாக எழுதப்பட்டிருக்காது. 1-க்கு அடுத்து 7, பிறகு 13, 19, 25, 5, 11 என்று ஆறு ஆறாகத் தாவும். ஒரு செக்டரைப் படித்து முடித்து நினைவகத்தில் ஒழுங்கு செய்வதற்குள் அடுத்த செக்டர் டிரைவின் படிக்கும் தலையைத் தாண்டி ஓடிவிடும். 8 அங்குல டிஸ்க் நிமிடத்துக்கு 360 சுற்று; தவறவிட்டால் மறுபடி வர ஆறில் ஒரு நொடி. வரிசையாக வைத்திருந்தால் ஒரு டிராக்கைப் படிக்க 26 சுற்று, நான்கு நொடிக்கு மேல் ஆகும். ஆறு தாவினால் ஆறே சுற்று, ஒரு நொடி.

கோப்பை அழித்தால் என்ன ஆகும்? பதிவின் முதல் பைட்டில் 229, அதாவது ஹெக்ஸ் என்ற பதினாறடிமான எண்முறையில் ஈ5, எழுதப்படும். வேறு எதுவும் மாறாது. பெயர், பகுதி எண், 16 பிளாக் எண்கள் எல்லாம் அப்படியே இருக்கும். 229 ஏன் என்றால், ஐபிஎம் முறையில் ஃபார்மேட் செய்த புதிய ஃப்ளாப்பியின் தரவுப் பகுதி முழுக்க அந்த மதிப்பே நிரம்பியிருக்கும். ஆகவே கடையிலிருந்து வாங்கி வந்த டிஸ்க்கே சிபி/எம் கண்ணுக்கு 64 காலிப் பதிவுகள் கொண்ட டைரக்டரியாகத் தெரியும். தனியாகத் தயார் செய்ய வேண்டியதில்லை. இந்த 229-ஐ நினைவில் வையுங்கள், மீண்டும் வரும்.

பிபிசி மைக்ரோ என்ற பிரிட்டிஷ் கணினிக்கு அதைத் தயாரித்த ஏக்கார்ன் நிறுவனம் கொடுத்த டிஎஃப்எஸ் என்ற கோப்பு முறை இதற்கு நேர் எதிர்த் திசை. கோப்பைத் துண்டு போடவே மாட்டேன் என்றது. தொடக்க செக்டர், நீளம், இரண்டு மட்டும் போதும். முதல் இரண்டு செக்டரில் அட்டவணை முடிந்துவிடும், 31 கோப்புகள்தான் அதிகபட்சம். படிப்பதற்கு இதைவிட வேகமான முறை இல்லை. ஆனால் கோப்பு வளர்ந்து அடுத்த கோப்பின் மேல் இடித்தால் நீட்ட முடியாது என்ற பிழை வரும். டிஸ்க்கில் பாதி இடம் காலியாக இருந்தாலும் வரும். அப்போது கம்பாக்ட் கட்டளை கொடுத்து எல்லாக் கோப்பையும் ஒரு பக்கமாக நகர்த்த வேண்டும். யுசிஎஸ்டி பாஸ்கல் அமைப்பும் இதே வழிதான்.

ஆப்பிள் II-வின் டாஸ் 1978-ல் வந்தது. வோஸ்னியாக் வடிவமைத்த டிஸ்க் II டிரைவுக்காக. 1980-ல் வந்த 3.3 பதிப்பில் 35 டிராக், 16 செக்டர், 256 பைட், மொத்தம் 1,43,360. டிராக் எண்கள் 0 முதல் 34 வரை. அட்டவணை இருப்பது 17-ஆவது டிராக்கில், சரியாக நடுவில். எந்தக் கோப்பிலிருந்து எந்தக் கோப்புக்குப் போனாலும் தலை நடு டிராக்கைத் தொட்டுத்தான் போக வேண்டும் என்பதால், அதை நடுவில் வைத்தால் சராசரி ஓட்டம் குறையும். அந்த டிராக்கின் முதல் செக்டரில் காலி இடங்களின் பிட் வரைபடம். மற்ற 15 செக்டரில் பெயர்ப் பட்டியல், செக்டருக்கு 7 வீதம் 105 கோப்புகள், 30 எழுத்து வரை பெயர். எட்டு எழுத்தில் திண்டாடிய காலத்தில் அது பெரிய சௌகரியம்.

ஆப்பிள் வரைபடத்தைப் பெயரோடு வைக்கவில்லை. ஒவ்வொரு கோப்புக்கும் தனியாக ஒரு செக்டரை ஒதுக்கி, அதில் கோப்பின் டிராக்-செக்டர் இணைகளை வரிசையாக எழுதியது. ஒரு செக்டருக்கு 122 இணை. போதாவிட்டால் அடுத்த பட்டியல் செக்டருக்கு ஒரு சுட்டி. பத்து எழுத்து உள்ள கோப்புக்கும் இரண்டு செக்டர் போய்விடும் என்பது வீண்தான், ஆனால் கோப்பின் நடுவில் எந்த இடத்துக்கும் உடனே குதிக்கலாம். அழிக்கும்போது பட்டியல் செக்டரின் டிராக் எண் இருந்த இடத்தில் 255 எழுதி, அந்தப் பழைய எண்ணைப் பெயரின் கடைசி எழுத்து இருக்கும் இடத்தில் பத்திரமாகப் போட்டு வைக்கும். யாரோ ஒருவர் பின்னால் மீட்க வருவார் என்று யோசித்தே செய்த வேலை இது. இதை எழுதியவர்கள் மீது எனக்கு எப்போதும் மரியாதை உண்டு.

கமடோரின் 1541 டிரைவ் தனி வகை. அதன் உள்ளேயே ஒரு 6502 செயலி இருக்கிறது, இயங்குதளமும் டிரைவின் ராமில் அல்ல, அதன் ரோமில் எரித்து வைக்கப்பட்டிருக்கிறது. கணினி பெயரைச் சொன்னால் போதும், மற்றதை டிரைவே பார்த்துக்கொள்ளும். வெளி டிராக்குகள் நீளமானவை என்பதால் அங்கே 21 செக்டர், உள்ளே வர வர 19, 18, 17 என்று குறையும். 35 டிராக்கில் மொத்தம் 683 செக்டர். அட்டவணை நடுவில், 18-ஆவது டிராக்கில். அந்த டிராக்கின் 19 செக்டரைக் கழித்தால் வரும் 664-தான் புதிய டிஸ்க்கைப் பட்டியலிட்டதும் திரையில் தெரியும் எண்.

இங்கே கோப்பின் வரைபடம் கோப்புக்குள்ளேயே இருக்கிறது. ஒவ்வொரு செக்டரின் முதல் இரண்டு பைட்டும் அடுத்த செக்டரின் டிராக், செக்டர் எண்கள். மிச்சம் 254 பைட்தான் தரவு. ஒவ்வொரு வீட்டுக் கதவிலும் அடுத்த வீட்டின் முகவரி ஒட்டியிருப்பது போல. கடைசி செக்டரில் டிராக் எண் பூஜ்யமாக இருக்கும், அடுத்த பைட் எந்த இடம் வரை தரவு என்று சொல்லும். அதனால் கோப்பின் நீளம் பைட் சுத்தமாகத் தெரியும். நடுவில் உள்ள ஒரு செக்டர் வேண்டுமென்றால் மட்டும் முதலிலிருந்து நடந்தே போக வேண்டும். நடுவிலுள்ள பதிவை எடுக்க வேண்டிய தரவுக் கோப்புகளுக்காக 120 சுட்டிகள் கொண்ட சைடு செக்டர்களைப் பின்னிணைப்பாகக் கட்ட வேண்டியிருந்தது.

முறையாக மூடப்படாத கோப்பு பட்டியலில் வகைக்கு முன் நட்சத்திரக் குறியோடு தெரியும். அதை ஸ்க்ராட்ச் கட்டளையால் அழிக்கவே கூடாது. அதன் சங்கிலி முடிவடையாமல் வேறு கோப்பின் செக்டருக்குள் போயிருக்கலாம். அழித்தால் அந்த நல்ல கோப்பின் இடமும் காலி என்று குறிக்கப்படும். வேலிடேட் கட்டளைதான் சரி. அது எல்லாச் சங்கிலிகளையும் நடந்து பார்த்துக் காலி வரைபடத்தைப் புதிதாக எழுதும். சிபி/எம் ஒவ்வொரு முறையும் தானாகச் செய்வதை இங்கே நாம் கேட்டு வாங்க வேண்டும்.

சரி, இனி டாஸ் பயன்படுத்திய ஃபாட். 1977-ல் மைக்ரோசாஃப்டின் மார்க் மெக்டொனால்ட் டிஸ்க் பேசிக்குக்காக உருவாக்கிய முறை. 1980-ல் சியாட்டில் கம்ப்யூட்டர் ப்ராடக்ட்ஸ் நிறுவனத்தின் டிம் பேட்டர்சன் 8086 செயலிக்கு ஓர் இயங்குதளம் எழுதியபோது, வெளித்தோற்றத்துக்குச் சிபி/எம்மையும் உள்ளே கோப்பு வைக்கும் முறைக்கு ஃபாட்டையும் எடுத்துக்கொண்டார். 1981 ஜூலையில் மைக்ரோசாஃப்ட் அதை விலைக்கு வாங்கியது. ஆகஸ்டில் ஐபிஎம் பிசி வெளிவந்தபோது அதுவே பிசி-டாஸ்.

ஃபாட் என்பது டிஸ்க் முழுமைக்கும் ஒரே ஓர் அட்டவணை. ஒவ்வொரு கிளஸ்டருக்கும், அதாவது கோப்புக்கு ஒதுக்கும் இடத்தின் ஓர் அலகுக்கும், அதில் ஓர் இடம். 5-ஆவது இடத்தில் 6 என்று இருந்தால், 5-ஆவது கிளஸ்டருக்கு அடுத்தது 6. அங்கே 9 இருந்தால் அடுத்தது 9. 9-ஆவது இடத்தில் 4095 இருந்தால் கோப்பு முடிந்தது. பூஜ்யம் இருந்தால் அந்தக் கிளஸ்டர் காலி. கோப்பின் வரிசை என்ன, காலி எது என்ற இரண்டு கேள்விக்கும் ஒரே பட்டியலில் பதில். கமடோரின் சங்கிலிதான் இது. தரவுக்குள்ளிருந்து சுட்டிகளை மட்டும் உருவி ஓரிடத்தில் சேர்த்தது. சேர்த்ததால் அதை முழுவதுமாக நினைவகத்தில் வைத்துக்கொள்ள முடிந்தது. சிபி/எம்மில் பெரிய கோப்பில் 16 கேபி தாண்டும்போதெல்லாம் தலை டைரக்டரிக்கு ஓடிப்போய் அடுத்த எக்ஸ்டென்டைத் தேட வேண்டும். டாஸில் அந்த ஓட்டம் இல்லை.

எண்களைப் பார்த்தால் இதில் எவ்வளவு கணக்கு போட்டிருக்கிறார்கள் என்று தெரியும். முதல் பிசி ஃப்ளாப்பி ஒரு பக்கம், 40 டிராக், 8 செக்டர், 512 பைட். அதாவது 320 செக்டர். பூட் செக்டர் 1, ஃபாட் 1, அதன் நகல் 1, டைரக்டரி 4 போக 313 கிளஸ்டர். எட்டு பிட்டில் 255-க்கு மேல் எண்ண முடியாது. பதினாறு பிட் போட்டால் அட்டவணை ஒரு செக்டரைத் தாண்டிவிடும். அதனால் 12 பிட். இரண்டு எண்களை மூன்று பைட்டில் மடித்து வைத்தார்கள். தொடக்கத்து இரண்டு ஒதுக்கிடங்களையும் சேர்த்து 315 இடங்களுக்கு 473 பைட். ஒரு செக்டருக்குள் கச்சிதமாக அடங்குகிறது. இரண்டு பக்க 320 கேபி டிஸ்க் வந்தபோது கிளஸ்டரை 1024 பைட் ஆக்கிவிட்டார்கள், அட்டவணை ஒரு செக்டரிலேயே நின்றது.

டைரக்டரிப் பதிவு சிபி/எம் போலவே 32 பைட், 8+3 பெயர். பிளாக் எண்கள் இருந்த இடத்தில் தொடக்கக் கிளஸ்டர் எண்ணும், நான்கு பைட்டில் துல்லியமான நீளமும். அழித்த பதிவின் அடையாளம்? அதே 229. ஐபிஎம்மின் ஃபார்மேட் நிரப்பி மதிப்பு, சிபி/எம் வழியாக டாஸுக்குள் வந்து, பின்னால் ஃபாட் போன இடமெல்லாம் போயிற்று. இன்று கேமராவின் மெமரி கார்டில் ஒரு படத்தை அழித்தாலும், அது ஃபாட் முறையில் இருந்தால், பெயரின் முதல் எழுத்து 229 ஆகும்.

ஆனால் மீட்பு விஷயத்தில் உங்களிடம் இருக்கும் நான்கு வகை டிஸ்க்குகளில் ஃபாட்தான் மோசம். பலரும் இதற்கு நேர்மாறாக நினைக்கிறார்கள், ஏனென்றால் பீட்டர் நார்ட்டன் 1982-ல் கொண்டுவந்த அன்-இரேஸ் அவ்வளவு புகழ் பெற்றது. அழிக்கும்போது டாஸ் இரண்டு காரியம் செய்கிறது: முதல் எழுத்தை மாற்றுகிறது, அட்டவணையில் அந்தக் கோப்பின் சங்கிலி முழுவதையும் பூஜ்யம் ஆக்குகிறது. தொடக்கம் தெரியும், நீளம் தெரியும், நடுவில் எப்படிப் போயிற்று என்பது தெரியாது. அன்-இரேஸ் வகைக் கருவிகள் கோப்பு துண்டாகாமல் அடுத்தடுத்த காலிக் கிளஸ்டர்களில் இருந்தது என்று அனுமானம் செய்தே மீட்டன. ஃப்ளாப்பியில் அது பெரும்பாலும் சரியாகவும் இருந்தது. 1991-ன் எம்எஸ்-டாஸ் 5 மீட்புக் கட்டளையோடு வந்தபோது, அழிக்கும் கோப்புகளின் கிளஸ்டர் எண்களைத் தனியே பதிந்து வைக்கும் ஏற்பாட்டையும் சேர்த்துத் தந்தது. சிபி/எம்மிலும் ஆப்பிளிலும் அழித்த பின்னும் தானாகத் தங்கியிருந்த தகவல்தான் அது.

இப்போது உங்கள் இமேஜ்கள். எதைச் செய்தாலும் நகலில் செய்யுங்கள். பைட்டுகளை நேரடியாகக் காட்டும் ஹெக்ஸ் எடிட்டரில் திறந்து முதலில் கோப்பின் அளவைப் பாருங்கள்.

1,43,360 பைட் என்றால் ஆப்பிளாக இருக்கலாம். செக்டர்கள் டாஸ் வரிசையில் இருந்தால் 69,632-ஆவது பைட்டில் 17-ஆவது டிராக் தொடங்கும். அழித்த பதிவில் 255-க்குப் பதிலாகப் பெயரின் கடைசி பைட்டில் உள்ள எண்ணைத் திரும்ப வைத்தால் பட்டியல் செக்டர் கிடைத்துவிடும்.

1,74,848 என்றால் கமடோர். 18-ஆவது டிராக் 91,392-ல் தொடங்குகிறது. ஸ்க்ராட்ச் செய்த கோப்பின் வகை பைட் மட்டும் பூஜ்யமாகியிருக்கும், சங்கிலி தரவுக்குள் அப்படியே இருக்கும். சாதாரண புரோகிராம் கோப்பென்றால் வகையில் 130 என்று வைத்து, பிறகு எமுலேட்டரில் (பழைய கணினியைப் போல நடந்துகொள்ளும் நிரல்) வேலிடேட் கொடுத்தால் இடமும் மறுபடி பதிவாகும்.

3,68,640 என்றால் டாஸின் 360 கேபி டிஸ்க். ஃபாட் 512-ல், நகல் 1,536-ல், டைரக்டரி 2,560-ல், தரவு 6,144-ல். தொடக்கக் கிளஸ்டரிலிருந்து நீளத்துக்கு ஏற்ப அடுத்தடுத்துப் படித்து, உள்ளடக்கம் தொடர்பாக வருகிறதா என்று கண்ணால் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. முதல் கிளஸ்டரின் எண் 2 என்பதை மறக்காதீர்கள், கணக்கு அங்கேதான் தவறும்.

2,56,256 என்றால் 8 அங்குலச் சிபி/எம், டைரக்டரி 6,656-ல். 128 பைட் டைரக்டரி, அப்புறம் 640 பைட் வேறு ஏதோ, மறுபடி 128 பைட் டைரக்டரி என்று வந்தால் பயப்பட வேண்டாம், அது ஆறு தாவும் வரிசைதான். வேறு அளவுள்ள சிபி/எம் இமேஜ் என்றால்தான் சிரமம். 5.25 அங்குல டிஸ்க்குக்குப் பொதுவான வடிவமே இல்லை, ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி வைத்தது. பிளாக் எவ்வளவு பெரியது, எத்தனை டிராக் ஒதுக்கீடு என்பதெல்லாம் அந்தக் கணினியின் பயாஸுக்குள் (வன்பொருளோடு பேசும் நிரல் பகுதி) இருந்தது; டிஸ்க்கில் எழுதப்படவே இல்லை. டாஸ் 2.0 அந்த விவரத்தைப் பூட் செக்டரில் வைத்தது. ஆகவே உங்கள் சிபி/எம் டிஸ்க் எந்தக் கணினியில் எழுதப்பட்டது என்பதை முதலில் கண்டுபிடியுங்கள். அது தெரிந்தால், 229-ஐப் பூஜ்யமாக மாற்றும் முன் அந்தப் பதிவின் 16 பிளாக் எண்களையும் உயிரோடு இருக்கும் மற்ற பதிவுகளோடு ஒப்பிடுங்கள். ஒரே எண் இரண்டிலும் வந்தால் அந்தப் பிளாக்கில் பின்னால் வேறு கோப்பு எழுதப்பட்டுவிட்டது. அந்த ஒரு கேபி திரும்பாது, மற்றவற்றை எடுத்துக்கொள்ளலாம்.